ஓக் தூணுக்குப் பட்டி பார்த்த கதை

டிசம்பர் 9, செவ்வாய். ஷார்ஜா.

இன்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் நினைத்தால் சிரிப்புதான் வருகிறது.

இங்கிலாந்தில் பிரித்து இங்கே கொண்டுவந்த பழைய தானியக் கொட்டகை எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கிடக்கிறது. எல்லாம் ஓக் கட்டை. இரும்பு ஆணி ஒன்றுகூடக் கிடையாது, மர ஆணிதான். அரபி ஒருவர் தன் தோட்டத்தில் அதை மறுபடி நிறுத்தப் போகிறார். நேற்று பார்த்தால் எட்டுத் தூணிலும் முனையில் உளிக் கீறல். அசிங்கமாக இருக்கிறதே என்று பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, வழவழவென்று ஆக்கிவைத்தேன்.

காலையில் கொட்டகையோடு வந்திருக்கும் இங்கிலாந்து மேடம் தலையில் கை வைத்துவிட்டார். அது கீறல் இல்லையாம். அந்தக் காலத்து ஆசாரி வெட்டிய நம்பராம். ஒவ்வொரு பொருத்தும் அதனதன் ஜோடிக்கென்றே செதுக்கியதாம். நம்பர் போனால் எது எதில் சேரும் என்று யாருக்கும் தெரியாதாம்.

"க்யா கியா பாய்?" என்ன செய்து வைத்தாய் என்று இந்தியில் கத்தினார் போர்மேன் ரஹீம் பாய்.

"ஃபினிஷிங்," என்றேன். மேடமே சிரித்துவிட்டார்.

நாள் முழுக்க ஒரு ஆணியை வைத்துக்கொண்டு பட்டியைத் தோண்டினேன். எல்லா நம்பரும் வந்துவிட்டது. கடைசித் தூணில்தான் வேடிக்கை. ஆசாரி எட்டு என்று வெட்டி, அதைக் குறுக்கே அடித்துவிட்டு, பக்கத்தில் ஏழு போட்டிருக்கிறார்.

மேடம் அந்தப் பக்கம் போனதும், அந்த எட்டில் மட்டும் கொஞ்சம் பட்டி வைத்து மூடிவிட்டேன். நமக்குள்ளேயே இருக்கட்டும், ஆசாரி.