வைகாசியில் போகலாம்

என் கண்ணு சாமிக்கு,

உன் அண்ணன் சொந்தமாக, போர்வெல் போடும் ரிக் வண்டி எடுத்துவிட்டான். மாமன் மகள் பிரபா அஸ்தம்பட்டியில் பல் ஆஸ்பத்திரி திறந்துவிட்டாள். நீ சண்டிகரில் பேங்க் ஆபீசர். அஞ்சாவது படித்தவளின் பேரப்பிள்ளைகளா இவர்கள் என்று ஊரே கேட்கிறது.

மார்கழியில் உன் அப்பத்தாவை மணாலிக்குக் கூட்டிப் போகிறாயாம். உன் அம்மா சொல்லித்தான் தெரியும். நல்லது. ஏற்காட்டில் சித்திரை மாதத்திலேயே, "ஏனுங்க சம்பந்தி, இன்னொரு போர்வை கெடைக்குமுங்களா?" என்று கேட்டவர் அவர்.

காஷ்மீருக்கு ஆப்பிள் லோடு ஏற்றப் போய்வரும் பக்கத்து வீட்டு லாரி டிரைவர் குருமூர்த்தியிடம் விசாரித்தேன். "மார்கழில வேண்டாங்க ஆத்தா. பனி கொட்டுனா ரோட்டை அடைச்சுப்போடுவாங்க. வைகாசில போனா ரோடும் தொறந்திருக்கும், உச்சில பனியும் பாத்துக்கலாம்" என்றான். பருத்தித் துணி நனைந்தால் லேசில் காயாதாம். கம்பளி பனியன், அதன்மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு என்று மூன்று அடுக்கு போட வேண்டுமாம்.

வைகாசிக்குள் ஆபரேஷன் செய்த என் முழங்காலும் சரியாகிவிடும். அது வேறு விஷயம்.

உன் மாமாவைச் செவ்வாய்ப்பேட்டைக்கு அனுப்பி, அப்பத்தாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கினேன். அளவுக்காகத்தான் போட்டுப் பார்த்தேன். எனக்குக் கச்சிதமாக இருந்தது. அவருக்குக் கை நுழையாது. அதனால் அனுப்பவில்லை, பீரோவில் இருக்கிறது.

மார்கழியிலேயே போவதென்றால் ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு. உனக்கு ஒரு பக்கம் அப்பத்தா நிற்கட்டும். மறுபக்கம் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டு எடு.

உன் அம்மாயி