ஒன்பது மணிக் கேட்

அம்மாடி,

எனக்காக இதை எழுதுவது விடுதிச் சமையல்காரம்மா. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள், நடுநடுவே முறைக்கிறாள்.

இப்போதெல்லாம் விடுதி கேட்டைப் பதினொரு மணிக்குத்தான் பூட்டுகிறேன். பிள்ளைகள் டவுனுக்குப் போய் சினிமா பார்க்கிறார்கள். வெள்ளிக்கிழமையானால் கேன்டீனில் பாட்டும் ஆட்டமும்தான். திரும்பி வரும்போது, "என்ன தாத்தா, இன்னும் தூங்கலையா?" என்பார்கள். "நீங்க வராம எனக்கு என்னடி தூக்கம்?" என்பேன்.

உன் காலத்தில் ஒன்பது மணி. நாடக ஒத்திகை முடிந்து நீங்கள் மூன்று பேர் ஒன்பது பத்துக்கு வந்தீர்கள். நீ செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாய். மற்ற இருவரையும் உள்ளே விட்டேன். வாட்ச்மேன் மகளுக்குச் சலுகை என்று பேச்சு வந்துவிடக் கூடாதே என்று உன் ஒருத்தியை மட்டும் வெளியே நிறுத்தினேன். விடியும்வரை எதிர் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருந்தாய். நானும் கேட்டை விட்டு நகரவில்லை. அதன் பிறகு நீ நாடகத்திலும் நடிக்கவில்லை, என்னோடும் பேசவில்லை.

"மன்னிச்சுக்கோன்னு எழுதவா?" என்கிறாள் சமையல்காரம்மா. "சொன்னதை மட்டும் எழுது" என்றேன்.

வருகிற சனிக்கிழமை மைதானத்தில் பிள்ளைகள் நாடகம் போடுகிறார்கள். பழைய மாணவிகளும் வரலாமாம். உனக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி சொல்லி வைத்திருக்கிறேன். அன்றோடு எனக்கு வேலை முடிகிறது, மறுநாள் சாவியை ஒப்படைக்க வேண்டும். அன்றைக்கு நீ எத்தனை மணிக்கு வந்தாலும் சரி, உள்ளே வந்த பிறகுதான் பூட்டுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா

கீழே இருப்பது என் கைநாட்டு. மை கொஞ்சம் அதிகமாகிவிட்டது.