பூஜையில் இருக்கும் கிட்டார்

குண்டசாலை,
09.02.2025

அன்புள்ள ரவிகுமார் அண்ணாவுக்கு,

யசோதினி எழுதுகிறேன். நலம் என்று எழுதும் இடத்தை இந்த முறை காலியாக விட்டுவிடுகிறேன். மெல்பனில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் என் வீட்டுக்காரர், உங்கள் நண்பர், என் போனை எடுத்துப் பார்த்துவிடுவார். அதனால்தான் தபாலில் வருகிறது.

மார்ச்சில் வருகிறீர்கள், கண்டியில் மண்டபம் எடுத்தாகிவிட்டது, முப்பது வருஷத்துக்குப் பிறகு உங்கள் பழைய மியூசிக் பேண்ட் மறுபடி மேடை ஏறுகிறது என்று போனில் சொன்னீர்களாம். அவரும் சரி மச்சான் என்றாராம். போனை வைத்த பிறகு தேநீர் குடித்தார்.

அண்ணா, அவருடைய இடது கையில் மூன்று விரல்களுக்கு உணர்ச்சி இல்லை. செப்டம்பரில் ஒரு நாள் காலையில் அப்படி ஆனது. லேசான பக்கவாதமாம். இனித் திரும்புவது சந்தேகம் என்று டாக்டர் சொன்னார். சுடுதேநீர்க் கோப்பையைப் பிடித்து விரல் கொப்பளித்ததை நான் சொல்லித்தான் பார்த்தார். கம்பி அழுத்தி அழுத்திக் காய்த்திருந்த விரல் நுனியெல்லாம் இப்போது தோல் உரிந்து, கைக்குழந்தை விரல் மாதிரி மெத்தென்று இருக்கிறது. இது எனக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியும்.

சரஸ்வதி பூஜைக்கு வழக்கம்போல அந்தச் சிவப்புக் கிட்டாரை அம்மாள் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். அறுபத்து நாலில் செய்த கிட்டார், மரத்தில் சந்தனம் பூசாதே என்று வருஷா வருஷம் சண்டை பிடிப்பார். போன முறை சண்டை பிடிக்கவில்லை. விஜயதசமி காலையில் எடுத்தார். கம்பியை அழுத்துகிறோமா இல்லையா என்று விரலைக் குனிந்து பார்த்துப் பார்த்து வைத்தார். சத்தம் சரியாக வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான்தான் சொன்னேன், இன்னும் கொஞ்ச நாள் பூஜையில் இருக்கட்டும் என்று. பெரிய புத்திசாலி நான்.

அந்தச் சொல்லை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தொலைக்காட்சியிலிருந்து வந்து ஒரு பாட்டு வாசியுங்கள் என்றார்கள். “பூஜையில இருக்கு, தொடக் கூடாது” என்றார். சிங்களப் பிள்ளைகள், கிட்டாரைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். விஜயதசமியோடு பூஜை முடிந்துவிடும் என்று அதுகளுக்குத் தெரியாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் அவரோடு பிறந்து வளர்ந்த உங்களுக்குத் தெரியும். உங்களிடம் அது செல்லாது.

நாலு மாதமாகப் பூ மாற்றுகிறேன். கம்பியில் துரு ஏறுகிறது. அவர் அந்தப் பக்கமே பார்ப்பதில்லை. பேப்பர் படிக்கிறார், சாப்பிடுகிறார், கதிரையில் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை அண்ணா. அதுதான் பயமாக இருக்கிறது.

நான் எழுதியது அவருக்குத் தெரிய வேண்டாம். வந்ததும் கை எப்படி என்று கேட்காதீர்கள். நேரே சாமி அறைக்குப் போய், அவரைக் கேட்காமல், அந்தக் கிட்டாரை எடுத்து உங்களுக்குத் தெரிந்த மாதிரி வாசியுங்கள். அதை வேறு யாரும் தொட்டால் அவருக்குப் பிடிக்காது, கட்டாயம் கத்துவார். கத்தட்டும். இந்த வீட்டில் யாரும் கத்தி எத்தனை நாளாகிவிட்டது.

அம்மாள் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

உங்கள் தங்கச்சி,
யசோதினி சுமன்