கிழக்கே வழிந்த பால்

தை முதல் நாள், இரவு.

போர்வைக்குள் ஒளிந்து எழுதுகிறேன். வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று சட்டம் வந்தபின் எங்களுக்கு இதுதான் முதல் பொங்கல். ஊர் முழுக்கப் பொட்டலச் சாப்பாடுதான். பிடிபட்டால் அப்பாவைக் கொண்டுபோய்விடுவார்கள். ஆனாலும் அப்பா, சாலையில் மூடிக்கிடக்கும் அரிசிக் கடையின் தரை இடுக்கிலிருந்து ஒரு பிடி அரிசி பொறுக்கி வந்திருந்தார். சாயங்காலம் ஜன்னலைத் துணியால் அடைத்துவிட்டு, அம்மா பால்பொடியைக் கரைத்து அடுப்பில் வைத்தாள். பொங்கியதும் மூன்று பேரும் தலையணையில் முகத்தைப் புதைத்து, "பொங்கலோ பொங்கல்" என்று கத்தினோம். அப்பாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

அரிசியும் ஒளித்து வைத்திருந்த வெல்லமும் போட்டு, பொங்கலை இறக்கியபோது கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மலையாளத்து சாந்தா சேச்சி, யூனிஃபார்மில். எங்கள் தெருவில் அடுப்பு எரிகிறதா என்று சோதிப்பதுதான் அவர் வேலை. வீடெல்லாம் வெல்ல வாசனை. அம்மா அப்பாவை மறைத்துக்கொண்டு நின்றாள்.

சேச்சி உள்ளே வந்து கதவைச் சாத்தினார். "பால் எந்தப் பக்கமாக்கும் வழிஞ்சுது?"

"கிழக்க" என்றேன்.

"அப்போ நல்ல வருஷம். எனக்குள்ளது எங்கே? சும்மா பாத்துட்டுப் போகவா வந்தேன்?"

பானையில் ஒட்டியிருந்ததையும் வழித்துத் தின்றார். போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "தலையணை போராது மோளே, முக்கு வரைக்கும் கேட்டுது" என்றார்.

அவர் சட்டைக் கையில் வெல்லப்பாகு ஒட்டியிருந்தது. சந்தோஷத்தில் நான் சொல்லவில்லை. இப்போது ஊரடங்கு, வெளியே போக முடியாது. காலையில் அதே சட்டையோடுதான் ஆபீசுக்குப் போவார். அவர் கிளம்புவதற்குள் எழுந்துவிட வேண்டும். தூங்கவே பயமாக இருக்கிறது.