ஆறரைப் புள்ளியும் தம்பியின் ஒரு உதையும்

சனிக்கிழமைகளில் என்னோடு சண்டை பிடிக்கிற அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கல்லறைக்கு வந்து நேரிலேயே சொல்லலாம் என்று காரை எடுத்தேன். அம்மாவும் கூட வந்து ஏறிவிட்டார். எனக்குப் பயமாக இருக்கிறது என்று அம்மாவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? பூவை வைத்துவிட்டுத் திரும்பினோம். அதனால்தான் எழுதுகிறேன். பிள்ளையை விளையாட அனுப்பிய வேறு பெற்றோர் யாராவது வாசித்தாலும் வாசிக்கட்டும்.

தம்பி ஜெரோம் பள்ளிப் பரிமாற்றத்தில் ஒரு வருடம் அமெரிக்கா போனது உங்களுக்குத் தெரியாததல்ல. டென்மார்க்கில், நம் ஹேர்னிங் புல்வெளியில் பந்து உதைத்துப் பழகிய கால் அது. அங்கே பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுவதற்குப் பெயர் ஃபுட்போல். அதிலும் கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து மூன்று புள்ளி எடுத்துத் தர ஒரு ஆள் தேவைப்பட்டது. ஒரு வருடம் என்று போனவனைப் பிறகு ஒரு கல்லூரியே படிக்கக் கூப்பிட்டது. அவன் இல்லாத வீட்டில் அந்த விளையாட்டையாவது வைத்திருப்போம் என்றுதானே நீங்கள் கல்லூரி மட்சுகளைப் பார்க்கத் தொடங்கினீர்கள்?

பார்த்ததோடு நிற்கவில்லை நீங்கள். வெள்ளிக்கிழமை இரவுச் சாப்பாட்டில் நீங்கள், நான், தொலைபேசியில் கிரின்ஸ்டெட் ஊரிலிருந்து சித்தப்பா, மூன்று பேரும் வார மட்சுகளுக்கு ஸ்பிரெட் பார்த்து வெற்றியாளர்களைத் தெரிவு செய்தோம். ஸ்பிரெட் என்றால் என்ன என்று அம்மாவுக்கு நீங்கள் விளங்கப்படுத்தியது இன்னும் காதில் கேட்கிறது.

"இஞ்சரும், ஆர் வெல்லுகினம் எண்டது இல்லைக் கேள்வி. பலமான பக்கம் எத்தினை புள்ளியாலை வெல்லவேணும் எண்டு ஒரு எண் போடுவாங்கள். அந்த எண்ணைத் தாண்டுவினமோ, தாண்டமாட்டினமோ எண்டதைத்தான் நாங்கள் சொல்லவேணும்."

"வெண்டது காணாதே? அதுக்கு மேலையும் ஏன் கேக்கினம்?" என்றார் அம்மா. நாங்கள் சிரித்தோம்.

காசு வைத்து ஒருநாளும் நாங்கள் விளையாடியதில்லை. தோற்றவர் வென்றவரின் காரைக் கழுவ வேண்டும், அவ்வளவுதான். போன கிழமை தோற்ற அணி இந்தக் கிழமை விழுந்தடித்து விளையாடும் என்ற உங்கள் சாத்திரத்தை நம்பி, நவம்பர்க் குளிரில் விரல் விறைக்க விறைக்க அதிகம் கார் கழுவியதும் நீங்கள்தான். ஒரேயொரு சட்டம் போட்டிருந்தீர்கள். ஜெரோமின் மட்சை யாரும் தொடக்கூடாது. "பெத்த பிள்ளைக்கு எண் போடக்கூடாது" என்றீர்கள். நீங்கள் போன பிறகும் நானும் சித்தப்பாவும் விளையாட்டை விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் உங்களோடு இன்னும் கதைப்பது போல இருந்தது.

இந்தச் செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை மாலை. ஓல்போர்க்கில், என் வீட்டுச் சோபாவில் சோற்றுக் கோப்பையோடு தம்பியின் மட்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் அணி ஆறரைப் புள்ளிக்கு மேல் வெல்ல வேண்டும் என்று போட்டிருந்தார்கள். கடைசி விநாடிகளில் நான்கு புள்ளியால் முன்னுக்கு நின்றார்கள். தம்பியை உதைக்க அனுப்பினார்கள். அது போயிருந்தால் ஏழு. பந்து வலது கம்பத்துக்கு வெளியே போய் விழுந்தது.

ஆனாலும் வென்றுவிட்டார்கள், அப்பா! கூட விளையாடுகிற பெடியள் அவனுடைய தலைக்கவசத்தில் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டு கோப்பையைக் கழுவப் போனேன்.

கையைத் துடைத்துவிட்டுப் போனை எடுத்தால், முன்பின் தெரியாத ஆட்களிடமிருந்து செய்திகள். தம்பியும் நானும் நிற்கிற படத்தை வைத்து என்னையும் கண்டுபிடித்திருந்தார்கள். அவனுடைய காலை முறிப்போம் என்று ஒருவன். விடியுமுன் செத்துவிட வேண்டும் என்று இன்னொருவன். அவர்கள் அணி தாண்டும் என்று காசு கட்டியவர்கள். அணி வென்றும் ஆறரையைத் தாண்டவில்லையே! கடைசியாக வந்த ஒன்றில் வசையே இல்லை. ஹேர்னிங் என்றும், அதற்குக் கீழே எங்கள் தெருவின் பெயரும் மட்டும். அந்த வீட்டில் அம்மா தனியாக இருந்தார்.

தம்பிக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, அவன் எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப எடுத்தேன். போனில் அம்மாவிடம் "கதவை வடிவாப் பூட்டிப்போட்டுப் படுங்கோ" என்று மட்டும் சொன்னேன். "ஏன் பிள்ளை?" என்றார். "சும்மாதான்" என்றேன்.

ஞாயிறு காலை ஹேர்னிங்குக்குப் புறப்பட்டேன். பாதி வழிக்கு மேல் சாம்பல் நிறக் கார் ஒன்று என் பின்னாலேயே வந்தது. நான் மெதுவாக ஓட்டினால் அதுவும் மெதுவாக வந்தது. அமெரிக்காவில் பந்தயம் கட்டியவன் இங்கே டென்மார்க்கின் யூலாந்தில் என் பின்னால் எப்படி வருவான் என்று அறிவு கேட்டது. உடம்பு கேட்கவில்லை. பெற்றோல் நிலையம் ஒன்றில் அது திரும்ப, உள்ளிருந்து ஒரு வயதான டேனிஷ் மனிதர் நாயோடு இறங்கினார். நான் தெருவோரம் நிறுத்தி அழுதேன்.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து போய் முன் யன்னல் திரையை இழுத்து மூடினார்.

"எங்கட தெருப் பேர் அவையளுக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

"இந்தக் காலத்திலை எல்லாம் தேடினா வரும், அம்மா."

"இந்த நாட்டுக்கு வந்தாப் பிறகு கதவுச் சத்தத்துக்கு நான் பயந்ததேயில்லை" என்றார். மன்னாரில் எந்தச் சத்தங்களுக்குப் பயந்தார் என்பது எனக்குக் கதையாகத்தான் தெரியும். உங்களுக்கு நேரிலே தெரியும்.

பொலிஸில் ஒரு பெண் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இப்படி எழுதுகிறவர்களில் பெரும்பாலானோர் கதிரையை விட்டு எழும்புவதே இல்லை என்றார். "மிச்சப் பேர்?" என்று அம்மா டேனிஷில் கேட்டார். அந்தப் பெண் ஒரு தொலைபேசி இலக்கத்தைத் தந்து, ஏதும் என்றால் உடனே எடுக்கச் சொன்னார்.

பின்னேரம் சித்தப்பா வந்தார். மேசையில் கொத்துரொட்டிப் பொதியை வைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமலே நின்றார்.

"பிள்ளை, நான் இந்தக் கிழமை அவன்ரை மட்சையும் தெரிவு செய்தனான். தாண்டுவினம் எண்டு. காசு ஒண்டும் இல்லை, சும்மா என்ரை மனசுக்குள்ளை. அவன் விட்ட உடனை ரீவியைப் பாத்து விசரன் எண்டு கத்திப்போட்டன். பிறகுதான் அது எங்கட ஜெரோம் எண்டு உறைச்சது." அவர் உங்கள் கதிரையைப் பார்த்தார். "அண்ணை இருந்திருந்தா என்னை வாசல்லையே விட்டிருப்பார்."

பந்து வெளியே போன அந்தக் கணத்தில் எனக்கும் முதலில் வந்தது தம்பியின் முகம் இல்லை. தாண்டவில்லை என்பதுதான். அந்த முகம் தெரியாதவர்களுக்கும் எனக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருந்தது, அப்பா?

இருட்ட முன்னர் தம்பி போன் எடுத்தான். போனைப் பயிற்சியாளர் வாங்கி வைத்துவிட்டாராம். இரவு கூட விளையாடுகிற ஒருவனின் வீட்டில், அவனுடைய தாய் தகப்பனோடு தங்கியிருக்கிறான். அம்மா போனைப் பறித்தார்.

"வந்திடு ராசா. படிப்பு இஞ்சையும் இருக்கு. நாளைக்கே வந்திடு."

"நான் வரேல்லை, அம்மா."

"உன்ரை காலை முறிப்பம் எண்டு சொல்லுறாங்கள்!"

"நான் இப்ப வந்தா, இனி எந்தப் பந்தையும் உதைக்கமாட்டன். எனக்குத் தெரியும்." பிறகு என்னைக் கேட்டான். "எத்தினை எண்டு போட்டிருந்தவங்கள், அக்கா?"

அவனுக்கு அந்த எண்ணே தெரியாது. ஆறரை என்று சொன்னேன். அவன் டேனிஷில், சின்ன வயதுக் குரலில் சொன்னான்: "நாங்கள் வென்றோமே, அக்கா."

அடுத்த சனிக்கிழமை நான் ஹேர்னிங்கிலேயே நின்றேன். திரையை மூடிவிட்டு அம்மாவும் நானும் பார்த்தோம். ஒரு முழு மட்சையும் அம்மா பார்த்தது அதுதான் முதல் தடவை. தம்பி உதைக்க வந்தபோது என் மணிக்கட்டை நகம் பதியப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டார். பந்து நடுவால் போனது. "போட்டுதே? போட்டுதே?" என்று கேட்டவர், ஓம் என்றதும் சோபாவில் சாய்ந்து செபமாலையைத் தேடினார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மட்சு முடிந்த கையோடு திரும்பவும் செய்திகள். இந்த முறை வேறு ஆட்கள். அவர்கள் தாண்டமாட்டார்கள் என்று கட்டியவர்கள். அந்த மூன்று புள்ளியால் இவர்களின் கணக்குப் பிழைத்துவிட்டது. அவன் உதைத்தாலும் குற்றம், விட்டாலும் குற்றம். ஒவ்வொரு உதைக்கும் அவன் சாக வேண்டும் என்று விரும்புகிற யாரோ எங்கேயோ இருப்பார்கள். இது எனக்குப் புரிந்ததிலிருந்து நான் ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை.

வெள்ளிக்கிழமைத் தெரிவுகளை நானும் சித்தப்பாவும் நிறுத்திவிட்டோம். யாரும் அறிவிக்கவில்லை. அவரும் போன் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. உங்களுக்குக் கவலையாக இருக்கும், மன்னித்துக்கொள்ளுங்கள். அம்மா வேலைக்குப் போய் வருகிறார். பராமரிப்பு இல்லத்தில் முதியவர்களோடு இருக்கும்போது பயம் தெரிவதில்லையாம். வீட்டுக்கு வந்து கதவில் திறப்பைப் போடும்போதுதான் தெருவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாராம். நீங்கள் இருந்திருந்தால் தம்பியை வரச் சொல்லியிருப்பீர்களா, நில் என்றிருப்பீர்களா? எத்தனையோ தரம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.

ஒன்று மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன், அப்பா. இலையுதிர்கால விடுமுறைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். விமான ரிக்கெற் எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு விமானம் பயம். எனக்கு அந்தச் சனத்துக்குள் யார் யாரோ என்ற பயம். இருந்தாலும் கம்பங்களுக்கு நேர் பின்னால், பந்து வந்து விழுகிற இடத்தில் போய் இருப்போம். உதைக்க முன்னர் அவன் தலையை நிமிர்த்திப் பார்ப்பான் இல்லையா? அப்போது அவனிடமிருந்து ஒரு புள்ளியும் வேண்டாத இரண்டு பேர் அவன் கண்ணில் படுவார்கள்.

உங்கள் மூத்த மகள்,
ஜெரோமின் அக்கா