அறுபது எண்ணிவிட்டு மெயினை இறக்கவும்

மார்ச் 3, திங்கள்

மறுபடியும் போயிற்று. மதியம் இரண்டு பத்துக்கு மாடிப்படியிலிருந்து எலக்ட்ரீஷியன் "மெயினை இறக்கறேன்க்கா!" என்று கத்தினார். அவர் 'அக்கா'வை முடிப்பதற்குள் திரை இருட்டு. கட்டடம் முழுக்கப் பழைய ஒயரை உருவிப் புது ஒயர் போடுகிறார்கள். இந்த மாதம் முழுக்க இதே கூத்துதானாம். "அஞ்சே நிமிஷம்" என்றார். ஐந்து மணிக்குத்தான் கரண்ட் வந்தது.

தட்டச்சு செய்தது சேமிப்பில் இருந்ததால் பிழைத்தது. ஒலிப்பதிவில் போட்ட குறிகள்? யார் எந்த நொடியில் பேசினார், எங்கே தெளிவில்லை, எங்கே இரண்டு பேர் சேர்ந்து கத்தினார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுப் போட்டது. பதிவு முழுவதும் முடிந்தால்தான் அந்த மென்பொருள் குறிகளைக் கோப்பாக வெளியே தரும். அதைச் செய்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்— வேண்டாம், எழுதவில்லை. நாற்பத்தோரு குறிகளும் போயின. நீதிமன்ற விசாரணைப் பதிவு, விளையாட்டா?

மார்ச் 4, செவ்வாய்

மேலாளர் மேடத்திடமிருந்து போன். "ரெண்டாவது தடவை லேட்டும்மா. மூணாவது தடவைன்னா லிஸ்ட்லேர்ந்து பேரை எடுத்துடுவேன். அப்புறம் என்கிட்ட வருத்தப்படாதீங்க."

ஆறு வருஷம். ஒரு எழுத்துப் பிழை சொல்லியிருப்பாரா? பதிவைக் கேட்டுத் தட்டச்சு செய்யும் இந்த வேலையை நம்பித்தான் ஆபீஸை விட்டு வீட்டில் உட்கார்ந்தேன். இது போனால் எனக்கு வேறு வழியே இல்லை.

அண்ணனுக்குப் போன் போட்டேன். இந்த மேசைக் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தது அவர்தான். குடும்பத்துக்கே அவர்தான் கணினி நிபுணர். ஹைபர்நேட் என்று ஒன்று இருக்கிறதே, திறந்திருப்பதையெல்லாம் ஹார்ட் டிஸ்க் வட்டில் எழுதி வைத்துவிட்டு அணைந்து, திரும்ப விட்ட இடத்திலேயே எழுந்திருக்குமே, அது வேண்டும் என்றேன்.

"உனக்கு எதுக்கு அதெல்லாம்? ஸ்லீப்ல போடு."

"கரண்டே இல்லைன்னா ஸ்லீப் எப்படிண்ணா நிக்கும்?"

"அப்ப ஷட்டவுன் பண்ணு."

ஷட்டவுன் பண்ணினால் குறிகள் போகும் என்பதைத்தானே இவ்வளவு நேரம் சொன்னேன்! செவிடன் காதில் சங்கு. போனை வைத்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

நானே பார்க்கிறேன். பெரிய ராக்கெட்டா இது?

ஹைபர்நேட் கட்டளை கொடுத்தேன். 'போதுமான இடம் இல்லை' என்றது. தேடிப் பார்த்தால், நினைவகத்தில் இருப்பதை வட்டில் இறக்கி வைக்க ஸ்வாப் என்று ஒரு கோப்பு வேண்டும். என் நினைவகம் எட்டு ஜிபி. அண்ணன் விட்டிருக்கும் ஸ்வாப் இரண்டு ஜிபி. எட்டுப் பேர் வீட்டுக்கு இரண்டு பாய் வாங்கிப் போட்டிருக்கிறார் நிபுணர்.

இணைய மன்றத்தில் கேட்டேன். ஒருவன் எழுதுகிறான்: 'இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் பயன்படுத்துகிறார்கள்?' நான்! நான் பயன்படுத்துகிறேன்! கேட்டதற்குப் பதில் தெரியாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா இவர்களுக்கு?

மார்ச் 6, வியாழன்

பத்து ஜிபியில் புது ஸ்வாப் கோப்பு. அது வட்டில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று ஒரு எண் இருக்கிறது. கண்டுபிடிக்கத் தலையால் தண்ணீர் குடித்தேன். கணினி எழுந்திருக்கும்போது படிக்கும் வரியில் அந்த எண்ணை எழுதினேன். ஹைபர்நேட். அணைந்தது. திரும்பப் போட்டேன்.

பழைய குருடி கதவைத் திறடி. திரையில் ஒரு ஜன்னல்கூடத் திறந்திருக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

வரியை எழுதினேன், சரி. எழுதிய பிறகு அதை நடைமுறைக்குக் கொண்டுவர இன்னொரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. இதற்கு யாரைத் திட்டுவது? என்னைத்தான் திட்டிக்கொண்டேன், சத்தமாக.

கட்டளை கொடுத்தேன். வெற்றுப் பக்கம் ஒன்றில் 'இருக்கியா?' என்று அடித்து, ஹைபர்நேட் போட்டு, பிளக்கையே பிடுங்கினேன். பத்து நிமிஷம் கழித்துப் போட்டால் — 'இருக்கியா?' அப்படியே இருக்கிறது! கேள்விக்குறிக்குப் பக்கத்தில் கர்சர் கண் சிமிட்டுகிறது. தனியாக நின்று கை தட்டினேன்.

அணைய முப்பத்தைந்து வினாடி ஆகிறது. நேரே கீழே போய் எலக்ட்ரீஷியனைப் பிடித்தேன். "கத்தின உடனே இறக்கக் கூடாது. அறுபது எண்ணிட்டு இறக்குங்க."

"அவ்வளவுதானே? எண்ணிட்டாப் போச்சுக்கா."

மனிதர் சொன்ன சொல் தவறவில்லை. மதியம் கட்டடமே கேட்க "முப்பத்தேழு, முப்பத்தெட்டு" என்று எண்ணினார். கீழ்வீட்டில் ஒரே சிரிப்பு.

மார்ச் 8, சனி

மூன்று தடவை கரண்ட் போயிற்று. மூன்று தடவையும் விட்ட இடத்தில் எழுந்தது. ஒரு குறிகூடத் தவறவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

கடைக்குப் போய்விட்டு வந்தால் அண்ணன் என் நாற்காலியில் இருக்கிறார். அவரிடம் இந்த வீட்டுச் சாவியும் உண்டு, கணினியின் பாஸ்வேர்டும் அவர் வைத்ததுதான். ஏதோ பிரிண்ட் எடுக்க வந்தாராம்.

"வந்ததுக்குக் கொஞ்சம் க்ளீன் பண்ணி வச்சேன்."

"எதைத் தொட்ட?"

"ஒண்ணும் தொடல. சந்தேகப் பிசாசு."

மார்ச் 10, திங்கள்

 கோபத்தில்தான் எழுதுகிறேன்.

இன்று ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டிய பதிவு. பதினொன்றுக்குக் குரல் வந்தது. பொத்தானை அழுத்தினேன், திரை கறுத்தது, துணி காயப்போடப் போனேன். அவர் அறுபது எண்ணினார், மெயினை இறக்கினார். ஒரு மணிக்குக் கரண்ட் வந்தது. போட்டேன். ஒன்றுமில்லை. சுத்தமாக ஒன்றுமில்லை. அறுபத்து மூன்று குறி!

கணினி தான் செய்வதையெல்லாம் குறித்து வைக்கும் பதிவேட்டைத் திறந்து பார்த்தேன். கணினி உறங்கவே இல்லை. சொன்ன இடத்தில் ஸ்வாப் கோப்பு இல்லை என்று மறுத்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றிருக்கிறது. நான் பார்க்காமல் போய்விட்டேன். கோப்பு இருக்கிறது, அதே பெயர், அதே பத்து ஜிபி. தேதி மட்டும் நேற்று. தொடங்கும் எண் வேறு.

போன் போட்டேன்.

"ஆமா, நான்தான் அழிச்சுட்டு மறுபடி உண்டாக்கினேன். நீ ஏனோதானோன்னு எங்கேயோ போட்டு வச்சிருந்த, முறையா செஞ்சு வச்சேன். அதே பேரு, அதே சைஸ். என்ன இப்போ?"

"இடம் மாறிடுச்சுண்ணா! இடத்தைத்தானே எழுதி வச்சிருக்கேன்! கேட்டேனே உன்ன, எதைத் தொட்டன்னு கேட்டேனா இல்லையா?"

"உன் நல்லதுக்குத்தானே பண்ணேன். நான் வேணா உங்க மேடம்கிட்ட பேசட்டுமா?"

"பேசிப் பாரு! அப்புறம் ஜென்மத்துக்கும் உன் மூஞ்சில முழிக்க மாட்டேன்!"

நல்லதுக்காம்! எனக்கு எந்தப் பாடம், எந்த வேலை, எந்த வீடு — எல்லாம் அவரே முடிவு செய்தது, எல்லாம் நல்லதுக்கு. நான் செய்து வைத்த ஒன்றை, ஒரே ஒன்றை, அப்படியே விட முடியாதா ஒரு மனுஷனுக்கு? அழுகை வருகிறது. அழ நேரமில்லை. ஒன்று இருபது. உட்காருகிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

நேற்று ஐந்து ஐம்பத்திரண்டுக்கு அனுப்பினேன். சாப்பிடவில்லை, நாற்காலியை விட்டு எழவில்லை. எலக்ட்ரீஷியனிடம் ஜன்னல் வழியாகக் கெஞ்சினேன். "இன்னிக்கு உங்க லைனைத் தொடவே மாட்டேன், போங்கக்கா" என்றார். கூடப் பிறந்தவருக்குப் புரியாதது ஒயர் இழுக்க வந்தவருக்குப் புரிகிறது.

மேலாளர் பதில்: 'கிடைத்தது.' அவ்வளவுதான். என் பெயர் பட்டியலில் இருக்கிறது.

மார்ச் 12, புதன்

புது எண் எழுதினேன், கட்டளை மறக்காமல் கொடுத்தேன், இரண்டு தடவை சோதித்தேன். பாஸ்வேர்டை மாற்றினேன்.

மார்ச் 16, ஞாயிறு

அண்ணன் வந்தார். சாவி இருந்தும் மணி அடித்தார்.

நான் சமையலறையில் இருந்தேன். பழக்கதோஷம், நேரே போய்க் கணினி முன்னால் உட்கார்ந்தார். பழைய பாஸ்வேர்டை அடித்தார். மறுபடி அடித்தார். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் குழம்பைக் கிளறினேன். புதுசைச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி மனம் இளகியது, அதுவும் உண்மை.

எழுந்து, விருந்தாளிகள் உட்காரும் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"ரெண்டு பக்கம் பிரிண்ட் எடுக்கணும். எடுத்துத் தரியா?"

நினைவு தெரிந்த நாளாக அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

"ஒரு பதிவு பாதியில இருக்கு. இருபது நிமிஷம் ஆகும்ணா."

"சரி, நீ முடி" என்றார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து கேட்டேன். இருபது சொன்னது முப்பத்தைந்து ஆயிற்று. அண்ணன் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.