அக்கா கொண்டுவந்த மனு

1978 ஏப்ரல் 3
விடியற்காலையிலிருந்து மழை. ஈப்போ, புந்தோங் வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். சைக்கிள் செயின் மாற்ற வேண்டும்.
சித்தியவானிலிருந்து அக்கா நேராக நான் வேலை பார்க்கும் பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டாள். அவள் வேலை செய்யும் ரப்பர் தோட்டம் கைமாறியதாம். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வீடுகளை இடிக்கப் போகிறார்களாம். லயத்தில் பாதிப் பேர் கையெழுத்திட்ட மனு. முதல் பெயர் அவளுடையது.
"தம்பி, ஒம் பேப்பர்ல போடுலா. ஊருக்குத் தெரிஞ்சா பயப்படுவானுங்க."
தோட்டத்தை வாங்கியவர் தத்தோ; சுல்தான் கொடுத்த பட்டம், ஊரில் அதுவே அவர் பெயர். ஈப்போவில் பாதிப் பேருக்கு வட்டிக்குக் கடன் கொடுத்தவர். போன வருஷம் எங்கள் பேப்பரையும் வாங்கியவர். அவளிடம் சொல்லவில்லை. காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஏப்ரல் 4
மனுவை ஆசிரியரிடம் கொடுத்தேன். கிழிப்பார் என்று நினைத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தத்தோ பாக்கட்டும்."
திரும்பக் கேட்டிருக்கலாம்.
மூன்றாம் பக்கம்: பள்ளிக்குத் தத்தோ பெஞ்சு கொடுக்கும் படம். 'வள்ளல்'. தலைப்பு என்னுடையது.

ஏப்ரல் 9
தத்தோ கூப்பிட்டு அனுப்பினார். அவர் பங்களா. ஏர்கோன் குளிர். தேர்தலில் நிற்கப்போகிறவர் சோபா நுனியில், கை கட்டி.
"மொத கையெழுத்து ஒங்க அக்காவா? அழகான எழுத்து." தத்தோ சிரித்தார். வேட்பாளர் சிரித்தார். நானும்.
"இதுல பேர் இல்லாதவங்களுக்கு மாத்து வீடு. பேர் இருக்கறவங்களுக்குப் பேரே போதும். ஒங்க அக்கா மட்டும் பள்ளி மண்டபத் திறப்பு விழாவுல எனக்கு மாலை போட்டா, பாக்கலாம்."

ஏப்ரல் 11
சித்தியவான். அக்கா புருஷன், மாமா, படுக்கையில்; ஓயாத இருமல். விஷயத்தைச் சொன்னேன்.
"மனு அந்தாளு கைக்கு எப்படிப் போச்சு?"
"ஆபீசுல யாரோ கொடுத்துட்டாங்கக்கா."
"மத்தவங்க?"
தண்ணீர்ச் சொம்பை மாமா பக்கம் நகர்த்தினேன். அவள் மாமாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரி, விழாவுக்கு வாரேன்."

ஏப்ரல் 16, ஞாயிறு
நல்ல வெயில். தத்தோ கட்டிக்கொடுத்த பள்ளி மண்டபம். அக்கா மாலை போட்டாள். கூட்டத்தில் ஒரு பெண்: "எங்களை வித்துட்டா!" அக்காவின் சேலையில் எச்சில்.
மாலை போடும் படம் முதல் பக்கத்துக்கு.

ஏப்ரல் 18
லயம் தரைமட்டம். மாற்று வீட்டுப் பட்டியலில் அக்கா பெயர் இல்லை. தத்தோவின் மானேஜருக்குப் போன் செய்தேன். "மாலை நன்றிக்குப் போட்டதுலா. வீட்டுக்குன்னு யாரு சொன்னா?"
மாமாவை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, டிரங்குப் பெட்டியோடு அக்கா ஆபீசுக்கு வந்தாள். ஆசிரியர் அவளை வணங்கி வரவேற்றார். "ஒங்க தம்பி விசுவாசமான ஆளும்மா. மனுவ அவர்தான் கொண்டாந்து கொடுத்தாரு. இன்னையிலேர்ந்து துணை ஆசிரியர்."
அக்கா பெட்டியைத் தூக்கினாள். பிடிக்கப் போனேன்.
"தொடாத."
எந்தப் பஸ்ஸில் ஏறினாள் என்று பார்க்கவில்லை. ஆறு மணிக்குத் தத்தோ வரச் சொல்லியிருக்கிறார். வேட்பாளரின் பேச்சை நான்தான் எழுத வேண்டுமாம்.